சூடேறாத எஞ்சின் குடிக்கும் பெட்ரோல்: வாசகர் கேள்வி-பதில்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எங்களுக்கு வரும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். விலை இடத்துக்கு இடம் மாறும். அதனால் கணக்கெல்லாம் லிட்டரிலும் கிலோமீட்டரிலும்தான் இருக்கும். நீங்கள் பெட்ரோல் போடும் பங்க்கின் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரின் டேஷ்போர்டு லிட்டருக்கு 16 கி.மீ. என்று காட்டுகிறது. ஆனால் மாதாமாதம் பெட்ரோலுக்குப் போகும் பணத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேஷ்போர்டு காட்டும் எண், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு. பெரும்பாலான கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான வழி டேங்க்கிலிருந்து டேங்க்குக்கு அளப்பதுதான்.

பங்க்கில் நாசில் தானாக ‘டக்’கென்று நிற்கும்வரை போடுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ‘ரவுண்டாகப் போடுங்க’ என்பதும் வேண்டாம். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க்கில் பாதிக்கும் மேல் காலியானதும், முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்ப்பில், கார் அதே பக்கம் சாய்ந்து நிற்கும்படி மறுபடி முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடியிருக்கிறது, 29.6 லிட்டர் பிடித்தது என்றால் மைலேஜ் 13.9.

ஒரே தடவை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். நாசில் சற்று முன்னால் நின்றாலோ பின்னால் நின்றாலோ ஒன்றரை லிட்டர் வரை வித்தியாசம் வரும். 30 லிட்டரில் அது 5 சதவீதப் பிழை. மூன்று நான்கு முறை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு முறையும் வந்த மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. 100 கி.மீ. தூரம் 10 மைலேஜிலும், இன்னொரு 100 கி.மீ. 20 மைலேஜிலும் ஓடியிருந்தால் செலவானது 15 லிட்டர். ஆக மைலேஜ் 13.3, பலரும் சொல்லும் 15 அல்ல.

இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள்: 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பது. மைலேஜ் 12-லிருந்து 15 ஆனால் 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25 ஆனால் ஏற்றம் பெரிதாகத் தெரியும், மிச்சமோ 1 லிட்டர்தான். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், மோசமாகக் குடிக்கிற வண்டியைச் சரிசெய்வதில்தான் முதலில் கவனம் போக வேண்டும்.

கேள்வி: அலுவலகம் வீட்டிலிருந்து 3 கி.மீ.தான். கடை, பள்ளி எல்லாம் அதற்குள்ளேயே. அதிகம் ஓட்டுவதே இல்லை, ஆனாலும் மைலேஜ் 9-ஐத் தாண்டுவதில்லை. சர்வீஸில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

சர்வீஸில் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். கோளாறு காரில் இல்லை, அந்த 3 கி.மீ.யில் இருக்கிறது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி உள்ளே போகும் வழியின் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்துவிடும். எரிவதற்குப் போதுமான ஆவி கிடைக்க வேண்டுமென்பதற்காகக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தையும், அதாவது ஐடிலையும், ஏற்றி வைக்கிறது. புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250-300 டிகிரி சூட்டை எட்டினால்தான் வேலை செய்யும், அதைச் சீக்கிரம் சூடாக்க அந்த ஏற்பாடு. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், சக்கர பேரிங்குகளின் கிரீஸ் எல்லாம் கெட்டியாக இருக்கும். டயரும் ஆறியிருக்கும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறச் சில நிமிடங்கள் போதும். ஆயில் முழுச் சூட்டுக்கு வர 8-10 கி.மீ. ஓட வேண்டும். உங்கள் கார் ஒரு தடவைகூட அந்த நிலைக்கு வருவதில்லை. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதன் மிக மோசமான கிலோமீட்டர். உறைநிலைக்குக் கீழே குளிர் இறங்கும் இடங்களில் 5-6 கி.மீ. பயணத்தில் மைலேஜில் கால் பங்கு வரை குறைந்துவிடும். வெயில் ஊரில் இழப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகாது.

செலவு பெட்ரோலோடு நிற்பதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலோ அதுதான் காரணம். சைலன்ஸருக்குள் நீராவி தண்ணீராகி நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திருப்பி ஏற்றுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால் பேட்டரியும் சீக்கிரம் போகும். பல கார்களின் கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பில் குறுகிய தூர ஓட்டத்தைச் சேர்த்து, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்திருப்பார்கள். மேடு பள்ளமான சாலை, அதிகச் சுமை எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கும்.

இதற்குத் தீர்வு, வண்டியை நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதல்ல. நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும், அந்த நேரம் மைலேஜ் பூஜ்யம். ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்து, அரை நிமிடத்துக்குள் கிளம்பி, முதல் சில கிலோமீட்டருக்கு மென்மையாக ஓட்டுவதே சரி. ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி உண்டு. 3 கி.மீ. என்பது நிதானமாக மிதித்தால் சைக்கிளில் 12 நிமிடம். மின்சார சைக்கிள் என்றால் 100 கி.மீ.க்கே சுமார் ஒரு யூனிட் மின்சாரம்தான் ஆகும். சட்டையில் வியர்வையும் ஒட்டாது. கார் பழக்கத்தை எங்கிருந்து குறைப்பது என்று கேட்கும் எல்லோருக்கும் எங்கள் பதில் இதுதான்: நீண்ட பயணத்தைத் தொடாதீர்கள், குட்டிப் பயணங்களில் கைவையுங்கள். காருக்கு மிக மோசமானதும், வேறு வழி எளிதாகக் கிடைப்பதும் அவைதான்.

கேள்வி: ஒரே கார், ஒரே பாதை. என் மனைவி ஓட்டினால் 15 கொடுக்கிறது, நான் ஓட்டினால் 12. நான் வேகமாகக்கூடப் போவதில்லை. எப்படி?

உங்கள் மனைவி பிரேக்கைக் குறைவாக மிதிக்கிறார் என்று நினைக்கிறோம்.

1,200 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனுள் சுமார் 116 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 32 மெகாஜூல். அதில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால் 8 மெகாஜூல். அப்படியானால் 50-லிருந்து பிரேக் அடித்து நிறுத்தி, மறுபடி 50-க்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் சுமார் 15 மி.லி. பெட்ரோல் பிரேக் தட்டில் சூடாகிப் போகிறது. 70 முறை நிறுத்தினால் ஒரு லிட்டர். 60-லிருந்து நிறுத்தினால் முறைக்கு 21 மி.லி.

முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; கியர் அப்படியே இருக்கட்டும். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றுக்கு மேல் சுழலும்வரை இன்ஜெக்டர் முழுக்க மூடிக்கொள்ளும், ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. இங்கேதான் பலர் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய எஞ்சினை நியூட்ரலில் விட்டால் அணையாமல் ஓடுவதற்கே அதற்குப் பெட்ரோல் வேண்டும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் அபாயம் வேறு.

கிளம்பும்போது ஆமைபோல் ஏற்றுவதிலும் பயனில்லை. அளவாக அழுத்தி, 2,000-2,500 சுற்றில் கியரை மாற்றி, சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடுவதே சிக்கனம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் அணைத்துவிடுங்கள். சின்ன எஞ்சின்கூட ஐடிலில் மணிக்கு 0.6 முதல் 1 லிட்டர் குடிக்கும். ஏசி போட்டிருந்தால் இன்னும் கூடும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் 120-ல் போவதற்குப் பதில் 100-ல் போனால் உண்மையிலேயே மிச்சமாகுமா? எஞ்சின் சீராகத்தானே ஓடுகிறது?

ஆகும், நன்றாகவே ஆகும். நடுத்தரமான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயர் உருள்வதற்கான எதிர்ப்பு சுமார் 130 நியூட்டன். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 190 நியூட்டன், 100-ல் 300, 120-ல் 430. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அது ஏறுகிறது. இரண்டையும் கூட்டினால் 80-ல் 320, 100-ல் 430, 120-ல் 560. சுமை கூடும்போது பெட்ரோல் எஞ்சினின் திறன் சற்று உயரும் என்பதால் செலவு இதே விகிதத்தில் ஏறாது. இருந்தாலும் 100-லிருந்து 120-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதை எதிர்பார்க்கலாம். 150 கி.மீ. பயணத்தில் அதற்கு விலையாகக் கிடைப்பது 15 நிமிடம். அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்தால்.

கூரையில் பெட்டி மாட்டியிருந்தால் இந்த வேகங்களில் பெட்ரோல் 10 முதல் 25 சதவீதம் கூடப் போகும். ஊருக்குப் போய்வந்த பிறகும் மாதக்கணக்கில் அதைக் கழற்றாமல் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். காரின் பின்புறத்தில் கிடக்கும் மூட்டை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. 45 கிலோவுக்கு ஒரு சதவீதம்தான்.

கேள்வி: ஏசியா, கண்ணாடியை இறக்கிவிடுவதா?

நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடி, 70-80-க்கு மேல் ஏசி. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். உள்காற்றையே சுழலவிடும் பொத்தானையும் அழுத்துங்கள்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரின் மைலேஜ் ஒரே மாதத்தில் 15-லிருந்து 12 ஆகிவிட்டது. மெக்கானிக் ‘ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாத்திடலாம்’ என்கிறார். மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. காசில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் டயர் காற்று. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை நிரப்பக் கூடாது. கார் மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளவெடுக்க வேண்டும். ஓடிய டயரில் 4-6 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். பழுதில்லாத டயர்கூட மாதம் 1-2 பிஎஸ்ஐ இழக்கும். நான்கு டயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால்தான் மைலேஜில் 2 சதவீதம் போகும். அதனால் 20 சதவீத வீழ்ச்சிக்குக் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்கினால் ஆணியோ வால்வோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அண்மையில் டயர் மாற்றினீர்களா? தேய்ந்த டயரைவிடப் புது டயர் சற்றுக் கனமாகவே உருளும். அளவு மாற்றிப் போட்டிருந்தால் இன்னொரு குழப்பமும் வரும்: சக்கரத்தின் சுற்றளவு 3 சதவீதம் கூடினால் ஓடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். மைலேஜ் விழவில்லை, அளவுகோல்தான் மாறியது.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். திடீர் வீழ்ச்சிக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அதிகம் பிரேக் மிதிக்காமல் 5-6 கி.மீ. ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால், பிரேக் தட்டைப் பிடிக்கும் காலிபரின் சறுக்கு முளை கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பி வராமல் நிற்கும். பின்சக்கரங்கள் இரண்டும் சூடென்றால் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ரேடியேட்டருக்குக் கூலன்ட் எப்போதும் ஓடும், எஞ்சின் சூடேறவே ஏறாது. இரண்டாவது கடிதத்தில் பார்த்த அதே குளிர் எஞ்சின் நிலை, இங்கே நாள் முழுவதும். வெப்பமானி முள் நடுவுக்கு வராது, அல்லது நெடுஞ்சாலையில் காற்று பட்டதும் இறங்கும். ஹீட்டரும் வெதுவெதுப்பாகத்தான் வரும். உதிரிபாகம் மலிவு, வேலையும் சிறிது. கூலன்டை வடித்து நிரப்பிய பிறகு உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் வெளியேற்றுவதில் மட்டும் கவனம் வேண்டும்.

இவற்றிலும் பிடிபடவில்லையென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முளை ஓபிடி (கோளாறு பார்க்கும்) சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகுங்கள். சின்ன புளூடூத் கருவியும் கைபேசிச் செயலியும் போதும். கூலன்ட் சூடு 85-க்கும் 100-க்கும் இடையில் நிற்க வேண்டும். எட்டவில்லையென்றால் பி0128 என்ற குறியீடு வந்திருக்கும். பிறகு நீண்டகால ஃபியூவல் ட்ரிம்மைப் பாருங்கள்; வழக்கமான அளவைவிடக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைக் காட்டும் எண் அது. கூட்டல் 5-க்கும் கழித்தல் 5-க்கும் இடையில் இருந்தால் நலம். கூட்டல் 10-ஐத் தாண்டினால் எங்கோ அளவில்லாத காற்று நுழைகிறது, வெடித்த வேக்கம் குழாய் மாதிரி. கழித்தல் 10-க்குக் கீழே போனால் பெட்ரோல் எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், அல்லது டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். சென்சார் பெரும்பாலும் நடந்ததைச் சொல்லும் சாட்சி மட்டுமே.

ஏர் ஃபில்டரைப் பற்றி: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சின்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் மாறவில்லை; வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஃபில்டர் அழுக்கானால் மாற்றுங்கள், அது எஞ்சினின் நலத்துக்கு. தேய்ந்த பிளக் வேறு கதை. எரியாமல் விடும் சிலிண்டர் நேரடியாகப் பெட்ரோலை வீணாக்கும், அப்போது வண்டி உதறலும் எடுக்கும்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் மாத்திரை, பிரீமியம் பெட்ரோல், இவற்றில் எது பலன் தரும்?

காந்தம்: தராது. பெட்ரோல் காந்தத்தால் மாறும் பொருளல்ல. மாத்திரை: அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகளைப் பரிசீலித்தது, குறிப்பிடத்தக்க மிச்சம் தந்தது எதுவுமில்லை. பிரீமியம்: ஆக்டேன் எண் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், ஆற்றலின் அளவல்ல. கையேட்டில் ‘கட்டாயம்’ என்றிருந்தால் போடுங்கள். சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைத்த எஞ்சினில் அதைப் போட்டால் பங்க்குக்குத்தான் லாபம்.

கேள்வி: கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்தாலும் பங்க்கில் விலை பாதியாவதில்லையே, ஏன்?

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய்க்கு 10 டாலர் குறைந்தால் லிட்டருக்கு 6.3 சென்ட்தான் குறையும். பங்க் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதி. மேலே சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் பங்கு, வரி. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக வைக்கும் வரி, கச்சா எண்ணெய் விலையோடு சேர்ந்து இறங்காது. உதாரணமாக, பங்க் விலையில் 40 சதவீதம் கச்சா எண்ணெய் என்றால், அது பாதியானாலும் உங்களுக்கு 20 சதவீதம்தான் குறையும். டாலருக்கு எதிராக உள்ளூர் நாணயம் சரிந்தால் அதுவும் கரையும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயை மே மாதம் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தம் பீப்பாய்க்கு கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது, வாங்குகிறவருக்கே பணம் கொடுத்த நிலை. அன்றும் பங்க்குகளில் யாரும் இலவசமாகப் பெட்ரோல் போடவில்லை. அந்த எண்ணெயை வைக்க இடமில்லாத தரகர்களின் நெருக்கடி அது.

விலை இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பக் கணக்கை அதன் மேல் கட்டாதீர்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, சில மாதங்களில் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. நெதர்லாந்து 1973 நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே தடை செய்தது. அமெரிக்கா 1974-ல் நெடுஞ்சாலை வேகத்தை 55 மைலாக, அதாவது 88 கி.மீ.யாகக் குறைத்தது. அப்போது காற்றின் எதிர்ப்பைப் பற்றிப் பாடம் எடுக்க யாரும் தேவைப்படவில்லை.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது என்பது உண்மையா?

உண்மை. எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. பத்து சதவீதக் கலவையில் ஆற்றல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும், இருபதில் ஏறத்தாழ 7. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அதற்கென வடிவமைத்த எஞ்சின் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். பழைய கார் என்றால் மைலேஜைவிட ரப்பர் குழாய்களும் சீல்களும்தான் கவலை. பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எத்தனை சதவீதம் வரை ஏற்கும் என்று எழுதியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பிறகு ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: பெட்ரோல் காரை விற்றுவிட்டு ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 8,000 கி.மீ. ஓட்டுகிறவர் 14 மைலேஜ் காரிலிருந்து 20 மைலேஜ் ஹைப்ரிடுக்கு மாறினால் 571 லிட்டர் 400 ஆகும். மிச்சம் 171 லிட்டர். கார் மாற்ற ஆகும் கூடுதல் பணத்தை 171 லிட்டரின் விலையால் வகுங்கள். பத்து வருடத்துக்கு மேல் வந்தால், பழைய காரையே நன்றாக வைத்துக்கொள்வது மேல். ஹைப்ரிடின் பலமே பிரேக்கில் வீணாகும் ஆற்றலைப் பிடித்துத் திருப்பித் தருவது. நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது நிறையக் கொடுக்கும், நெடுஞ்சாலையே கதியென்று இருப்பவருக்குக் கொஞ்சம்தான்.

மின்சாரக் காருக்குச் சுலபமான ஒரு சோதனை உண்டு. 100 கி.மீ.க்கு 7 லிட்டர் பெட்ரோல், அதே தூரத்துக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 18 யூனிட் மின்சாரம் என்று வையுங்கள். ஒரு யூனிட் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் ஐந்தில் இரண்டு பங்கைவிடக் குறைவாக இருந்தால் ஓட்டச் செலவு குறையும். வீட்டு மின்கட்டணத்துக்கு இது பல இடங்களில் எளிதில் பொருந்தும். சாலையோர வேக சார்ஜரின் கட்டணத்துக்குப் பொருந்தாமலும் போகலாம். இரவில் வண்டியை நிறுத்தும் இடத்தில் சார்ஜ் போட முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: நகரத்தில் வீடு விலை அதிகம். 25 கி.மீ. தள்ளிப் போனால் மலிவாகக் கிடைக்கிறது. பெட்ரோல் செலவு அதைத் தின்றுவிடுமா?

கூடுதல் 25 கி.மீ., போகவர 50, வருடத்துக்கு 240 வேலை நாள்: 12,000 கி.மீ. மைலேஜ் 15 என்றால் 800 லிட்டர். நெரிசலில் சராசரி வேகம் 30 கி.மீ. என்றால் வருடத்துக்கு 400 மணி நேரம். இது ஒரு காருக்கு. இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், திசை வேறு என்றால் இரண்டாவது கார் வரும். அங்கேதான் உண்மையில் கையைக் கடிக்கும். காப்பீடு, வரி, சர்வீஸ், கடன் வட்டி, வருடாவருடம் விழும் மறுவிற்பனை மதிப்பு, இவையெல்லாம் வண்டி நின்றாலும் ஓடும். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மீதி 23 மணி நேரம் அது நிற்கத்தான் நிற்கிறது. வீட்டு விலையில் மிச்சமாவதற்கு எதிரே பெட்ரோல், நேரம், இரண்டாவது கார் ஆகிய மூன்றையும் வைத்துப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு, விலை சற்றுக் கூட என்றாலும், அதையும் அதே தாளில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் பேருந்து அபூர்வம். கார் இல்லாமல் வாழ முடியாது. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

காரை விடச் சொல்லவில்லை. டேஷ்போர்டு அறையில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு குறிப்பு: கிலோமீட்டர், எதற்காக, எத்தனை பேர், வேறு நாளில் போயிருக்கலாமா. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ விழுந்தவற்றைக் கோத்து ஒரே சுற்றாக்குங்கள். அப்படிச் சுற்றும்போது தூரமான இடத்துக்கு முதலில் போங்கள், பக்கத்தில் இருப்பவற்றைத் திரும்பும் வழியில் முடியுங்கள். முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும்; பிறகு பத்து நிமிடம் நின்றாலும் ஆறாது. பக்கத்துக் கடைகளில் நின்று நின்று போனால் கடைசிவரை அரைச் சூட்டில்தான் ஓடும்.

அதே திசையில் வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு காரில் போவதைப் போல மிச்சம் தருவது வேறெதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான கூட்டுப் பயணங்கள் சில வாரங்களில் உடைந்துவிடுகின்றன; காரணம் பணமல்ல, காத்திருப்பு. ஏறும் இடம் ஒன்றே, வீட்டு வாசலுக்கு வர மாட்டோம். மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டோம். வாரத்துக்கொருவர் வண்டி எடுப்போம், அப்போது காசே கைமாற வேண்டாம். இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். அவசரமாகப் பாதியில் வீடு திரும்ப வேண்டியவருக்கு வாடகைக் கார் பிடிக்கச் சிறு தொகையைப் பொதுவில் போட்டு வையுங்கள். ‘குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் என்ன செய்வேன்’ என்ற பயம்தான் பலரைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதானால் பெட்ரோல் செலவைத் தாண்டக் கூடாது. லாபம் வந்தால் அது வாடகை ஓட்டம் என்றாகி, விபத்து நேரத்தில் காப்பீடு கைவிரிக்கலாம்.

கேள்வி: நாளை விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் கேனில் வாங்கி வீட்டில் வைக்கலாமா? அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது உண்மையா?

வைக்காதீர்கள். பெட்ரோல் கழித்தல் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் போகும். தண்ணீர் கேனும் குளிர்பான பாட்டிலும் அதற்கானவை அல்ல. பிளாஸ்டிக் இளகும், நிரப்பும்போது நிலைமின்சாரப் பொறியும் பறக்கலாம். பல இடங்களில் சட்டமும் அனுமதிக்காது. காரின் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதுவே போதும். முழு டேங்க்கின் எடை மைலேஜைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம்; 40 லிட்டர் சுமார் 30 கிலோதான். மாறாக, எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் குளிர்ச்சியில்லாமல் சூடாகிச் சீக்கிரம் போகும். அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது.

அதிகாலைக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு டிகிரிக்கு பெட்ரோல் 0.1 சதவீதம் விரியும். ஆனால் பங்க்கின் தொட்டி நிலத்துக்கடியில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் அதன் சூடு ஒரு டிகிரிகூட மாறுவது அரிது. 30 லிட்டருக்கு அது 30 மி.லி. முன்பு சொன்ன கணக்கில், 50 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு முறை நிறுத்தும் செலவு.